துடைப்பமும் மருந்துச் சீட்டும்

2007-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், இங்கிலாந்தின் கெண்ட் பிரதேசத்திலுள்ள மெய்ட்ஸ்டன், டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்னும் இரண்டு ஊர்களின் அரசாங்க ஆஸ்பத்திரிகளைப் பற்றி அந்நாட்டுச் சுகாதாரக் கண்காணிப்பு ஆணையம் வெளியிட்ட அறிக்கையை வாசித்தவர் எவரும் அதை எளிதில் மறந்திருக்க முடியாது. 2004 ஏப்ரல் முதல் 2006 செப்டம்பர் வரையில் அந்த ஆஸ்பத்திரிகளில் 1,100-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பெருங்குடலைத் தாக்கும் ஒரு பாக்டீரியா பற்றியது; சுமார் 90 பேர் நிச்சயமாகவோ அநேகமாகவோ அதனாலேயே உயிர் துறந்தார்கள்; கட்டில்கள் ஒன்றோடொன்று இடிக்குமளவுக்கு நெருக்கமாகப் போடப்பட்டிருந்தன; கழிப்பறைக்கு அழைத்துப் போக ஆளில்லாமையால், பேதியால் துடித்த நோயாளிகளிடம் படுக்கையிலேயே கழித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லப்பட்டது. இச்செய்தி வெளிவந்தபோது எழுந்த கோபம் நியாயமான கோபம். ஆனால் அந்தக் கோபத்திலிருந்து வலுப்பெற்று எழுந்த சித்தாந்தம் நியாயமானதன்று. அழுக்கே இந்த வியாதியின் தாய், ஆஸ்பத்திரியே இதன் வீடு, துடைப்பமும் சோப்பு நீருமே இதற்குப் பரிகாரம் என்பது அச்சித்தாந்தம்.

அறிக்கை வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே பிரதம மந்திரி கோர்டன் பிரவுன், தேசத்தின் எல்லா ஆஸ்பத்திரிகளையும் வார்டு வார்டாக ஒருமுறை முற்றும் கழுவிச் சுத்தம் செய்வது என்று அறிவித்திருந்தார். அதற்கு 5 கோடிப் பவுனுக்கு மேல் செலவாயிற்று. வைத்தியர்கள் முழங்கைக்குக் கீழே சட்டைக் கையோ கைக்கடிகாரமோ அணியலாகாது என்ற விதியும் அந்தக் காலத்திலேதான் வந்தது. பிறகு நோயின் எண்ணிக்கை குறைந்தது. கழுவினோம், ஆகவே குறைந்தது என்ற முடிவு ஜனங்களின் மனத்தில் கல்லில் வெட்டியது போல் பதிந்துவிட்டது. இப்போது சில ஆண்டுகளாக அதே எண்ணிக்கை இங்கிலாந்தில் மறுபடியும் ஏறி, பத்தாண்டுகளுக்கு மேலாகக் காணாத உயரத்தை எட்டியிருக்கிறது. உடனே பழைய குரலும் கூடவே எழுகிறது: ஆஸ்பத்திரிகள் மீண்டும் அழுக்கடைந்துவிட்டன, மீண்டும் கழுவுங்கள். இந்த அபிப்பிராயம் தவறு என்பதும், தவறு என்பதோடு நில்லாமல் உயிர்களைக் காவுகொள்ளும் தவறு என்பதும் என் வாதம்.

வாதத்தைத் தொடங்குமுன் எதிர்த் தரப்பாருக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும். 1847-இல் வியன்னா நகரின் பிரசவ ஆஸ்பத்திரியில் ஸெம்மெல்வைஸ் என்ற வைத்தியர், தம் சகாக்கள் குளோரின் நீரில் கைகழுவினாலன்றிப் பிரசவத்துக்கு வந்த பெண்களைத் தொடலாகாது என்று விதித்து, அதனால் மரணங்கள் சரிந்ததைப் பிரத்தியட்சமாகக் காட்டினார். அன்று முதல் சுத்தம் வைத்திய சாஸ்திரத்தின் முதல் தர்மமாக இருந்து வருகிறது. அதை இகழ்பவன் வைத்தியத்தையே இகழ்பவன். ஸ்காட்லாந்தில் வேல் ஆஃப் லெவன் ஆஸ்பத்திரியில் 2007, 2008 ஆகிய இரண்டே ஆண்டுகளில் 143 பேரை இதே கிருமி பற்றி, 34 மரணங்களில் அதற்குப் பங்கு இருந்ததென்று நீதிபதி மக்லீன் பிரபுவின் விசாரணை 2014-இல் கண்டறிந்தபோது, அங்கே கவனிப்பாரற்றுக் கிடந்த கழுவுமிடங்களும், தனி அறையில் வைக்கப்பட வேண்டியவர்கள் பொது வார்டிலேயே விடப்பட்டதும் அம்பலமாயின. அவற்றை மூடி மறைப்பது என் நோக்கமன்று. அழுக்கு இக்கிருமியை ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்குச் சுமந்து செல்கிறது என்பதை நான் முழு மனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். சுமந்து செல்வது வேறு, பிறப்பிப்பது வேறு. விதையைக் காற்று கொண்டுவந்து போடலாம். உழுது வைத்த நிலம் யாருடைய வேலை என்பதே கேள்வி.

இந்தக் கிருமியின் சரித்திரத்தை அறிந்தால் கேள்வியின் விடை பாதி கிடைத்துவிடும். 1935-இல் அமெரிக்காவில் ஐவன் ஹால், எலிசபெத் ஓடூல் என்ற இருவர் புதிதாய்ப் பிறந்த சிசுக்களின் மலத்தை ஆராய்ந்தபோது இதைக் கண்டார்கள். பிரித்தெடுப்பதும் வளர்ப்பதும் மிகவும் சிரமமாக இருந்தமையால், சிரமமானது என்று பொருள்படும் டிஃபிசிலிஸ் என்ற லத்தீன் பெயரை இட்டார்கள். இன்று அதன் முழுப் பெயர் க்ளாஸ்டிரிடியாய்டிஸ் டிஃபிசீல். அவர்கள் கண்டவற்றுள் ஆச்சரியமானது, கினிப் பன்றியையும் முயலையும் கொல்லும் விஷத்தை உண்டாக்கக்கூடிய இக்கிருமி, எந்த நோயும் இன்றிச் சௌக்கியமாகப் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தைகளின் குடலில் குடியிருந்தது என்பதுதான். அந்த ஆச்சரியம் இன்னும் தீரவில்லை. கைக்குழந்தைகளுள் பலரும், பெரியவர்களுள் சிலரும், இதைச் சுமந்துகொண்டே எந்தக் குறையும் இல்லாமல் நடமாடுகிறார்கள். உள்ளே புகுந்தது என்றாலே நோய் என்று இதைச் சொல்ல இயலாது. உள்ளே புகுந்த பின்னும் அதற்கு ஓர் அனுமதி வேண்டியிருக்கிறது.

அந்த அனுமதியைக் கொடுப்பது யார் என்று பார்ப்போம். மனிதனுடைய பெருங்குடலில் கோடானுகோடி பாக்டீரியாக்கள், நூற்றுக்கணக்கான இனங்களாக, ஒரு பழைய அக்கிரகாரத்தில் தலைமுறை தலைமுறையாய்க் குடியிருப்பவர்களைப் போலத் தத்தமக்கென்று இடமும் உணவும் வகுத்துக்கொண்டு வாழ்கின்றன. ஈரல் சுரக்கும் பித்த அமிலங்களை அவற்றுள் சில மாற்றி அமைக்கின்றன. மாறாத பித்த அமிலம் டிஃபிசீல் கிருமியின் உறங்கும் வித்தை எழுப்பி முளைக்கச் செய்கிறது, மாற்றப்பட்ட அமிலமோ முளைத்ததை வளரவொட்டாமல் தடுக்கிறது. ஆகவே பழைய குடிகள் ஊரில் இருக்கும்வரை, வெளியிலிருந்து எத்தனை வித்துக்கள் வந்து விழுந்தாலும் அவை தலையெடுப்பதில்லை. ஒரு வாரம் ஆன்ட்டிபயாடிக் விழுங்கினால், நெஞ்சிலோ மூத்திரப் பையிலோ இருக்கும் பகைவனைக் கொல்வதற்காக அனுப்பப்பட்ட அந்த ஔஷதம், போகிற வழியில் இந்தக் குடிகளையும் கூட்டம் கூட்டமாக வீழ்த்துகிறது. வெறுமையாகிவிட்ட அந்த ஊரில் டிஃபிசீல் எழுந்து பெருகி, இரண்டு விதமான விஷங்களை உமிழ்ந்து, குடலின் உட்சுவரைப் புண்ணாக்குகிறது. வியாதி என்பது இதுதான். கிருமி ஆஸ்பத்திரித் தரையிலிருந்து வந்திருக்கலாம், வீட்டிலிருந்தும் வந்திருக்கலாம்; ஊரைக் காலி செய்தது மருந்துச் சீட்டு.

இதைக் கண்டுபிடித்த வரலாறு ஒரு துப்பறியும் கதைக்கு ஒப்பானது. 1970-களின் தொடக்கத்தில் கிளிண்டமைசின் என்ற புது மருந்து பெரும் புகழோடு வழக்கத்துக்கு வந்தது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வைத்தியர் டெடஸ்கோவும் அவருடைய சகாக்களும் அம்மருந்தைப் பெற்ற 200 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, நூற்றுக்கு 21 பேருக்குப் பேதி கண்டதையும், நூற்றுக்கு 10 பேரின் குடலில் மஞ்சள் நிறச் சவ்வு படர்ந்த புண்கள் தோன்றியிருந்ததையும் 1974-இல் அறிவித்தார்கள். மருந்தே குடலைப் புண்ணாக்குகிறது என்று முதலில் எண்ணப்பட்டது. பின்னர் ஜான் பார்ட்லெட் முதலானோர் ஹாம்ஸ்டர் என்ற சிறு எலிக்கு அதே மருந்தைக் கொடுத்து, அது குடல் அழற்சியால் மாண்டபோது அதன் குடலில் ஒரு க்ளாஸ்டிரிடியம் கிருமியின் விஷம் இருப்பதைக் கண்டு, 1978-இல் மனிதரிடத்தும் குற்றவாளி டிஃபிசீல்தான் என்று நிலைநாட்டினார்கள். கவனிக்க வேண்டியது யாதெனில், 1935-இல் கண்டெடுத்த கிருமியின் பெயர் வைத்தியர்களின் வாயில் வழங்குவதற்கு 40 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இடையில் ஆஸ்பத்திரிகள் அழுக்கில்லாமல் இருந்தனவா? 1935-இன் வார்டுகள் 1975-இன் வார்டுகளைக் காட்டிலும் சுத்தமாக இருந்தன என்று எவரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். இடையில் புதிதாக வந்தது அழுக்கு அன்று, ஆன்ட்டிபயாடிக்.

ஆன்ட்டிபயாடிக் பிறப்பதற்கு முன்பே, 1893-இல், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் ஃபின்னி என்ற அறுவை வைத்தியர் இத்தகைய சவ்வு படர்ந்த குடலை ஒரு நோயாளியிடம் கண்டு எழுதியிருக்கிறாரே என்று கேட்பார்கள். உண்மைதான். அறுவையினாலும் வேறு கொடிய நோய்களினாலும் குடலின் ஒழுங்கு குலைந்தவர்களுக்கு அபூர்வமாக அது நேர்ந்திருக்கிறது. அபூர்வமானதை அன்றாடமாக்கியது எது என்பதே நம் விசாரணை.

இங்கே நான் சற்றே நிதானிக்க விரும்புகிறேன். ஏனெனில் எதிர்த் தரப்பாரின் கோட்டை இந்த இடத்தில்தான் மிகவும் பலவீனமானது. இந்த நோயின் ஒவ்வொரு அலைக்கும் அந்தந்தக் காலத்தின் செல்ல மருந்து ஒன்று முன்னோடியாக இருந்து வந்திருக்கிறது. 1970-களில் கிளிண்டமைசின், பின்னர் செஃபலோஸ்போரின் வகை மருந்துகள், புது நூற்றாண்டின் வாயிலில் சிப்ரோஃப்ளாக்சசின் முதலான ஃப்ளூரோகுயினலோன் மருந்துகள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ஷெர்புரூக் என்ற ஊரில், 1991-இல் லட்சம் பேருக்குச் சுமார் 36 என்றிருந்த இந்நோய் 2003-இல் 156 ஆயிற்று. 65 வயதைக் கடந்தவர்களிடையே மாத்திரம் பார்த்தால் 102-லிருந்து 866-க்கு ஏறிற்று. 2004-இல் அம்மாகாணத்தின் 12 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்தபோது 1,703 நோயாளிகள் அகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோரைத் தாக்கியது 027 என்று எண்ணிடப்பட்ட ஒரு வகைக் கிருமி. இந்த 027 புதியதாக வானத்திலிருந்து குதித்ததா? இல்லை, 1985-இலேயே பிரான்ஸில் ஒரு நோயாளியிடமிருந்து அது எடுக்கப்பட்டிருக்கிறது. அப்போது அதற்கு ஃப்ளூரோகுயினலோனைத் தாங்கும் சக்தி இல்லை. ஊரை அழிக்கும் சக்தியும் இல்லை. பின்னால், உலகின் பல நாடுகளிலிருந்து சேகரித்த 027 கிருமிகளின் மரபணுவை முழுவதும் படித்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், வட அமெரிக்காவில் அதன் இரண்டு கிளைகள் ஒன்றையொன்று சாராமல், தனித்தனியே, அதே எதிர்ப்புச் சக்தியைப் பெற்று, அதன் பிறகே கடல் கடந்து பரவின என்பதை 2013-இல் வெளியிட்டார்கள். பல ஆண்டுகள் சும்மா இருந்த ஒரு கிருமி, ஒரே மருந்தை எங்கும் வாரி இறைத்த காலத்தில், இரு வேறு கிளைகளில் அதே கவசத்தைப் பூண்டு எழுந்தது என்றால், அதை எழுப்பியது தரையின் தூசு என்று சொல்ல நா எழுமா?

இனி இங்கிலாந்தின் வீழ்ச்சிக் கணக்கைப் பார்ப்போம். கழுவினோம், ஆகவே குறைந்தது என்ற வாதம் நிற்பதும் விழுவதும் இங்கேதான். 2007-08-ஆம் ஆண்டில் அந்நாட்டில் இரண்டு வயதைக் கடந்தவர்களிடையே பதிவான நோய்கள் 55,498. ஆறே ஆண்டுகளில் அது சுமார் 13,000-த்துக்குச் சரிந்தது. அதே ஆண்டுகளில் கழுவுதலும் நடந்தது, கை சுத்தமும் வலியுறுத்தப்பட்டது, தனி அறைகளும் ஏற்பட்டன. கூடவே செஃபலோஸ்போரின், ஃப்ளூரோகுயினலோன் மருந்துகளைக் கண்டபடி எழுதலாகாது என்ற கட்டுப்பாடும் வந்து, அவற்றின் உபயோகம் ஏறக்குறையப் பாதியாயிற்று. எல்லாம் ஒரே காலத்தில் நிகழ்ந்தமையால், எதனால் குறைந்தது என்பதைப் பிரித்தறிய முடியாது என்று பல காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிரித்தறிந்தவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு, லீட்ஸ் முதலிய இடங்களின் ஆராய்ச்சியாளர்கள். கேட் டிங்கிள் என்ற அம்மையாரும் அவருடைய குழுவினரும் 2017-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, இவ்விஷயத்தில் இதுவரை எழுதப்பட்டவற்றுள் மிக முக்கியமானது என்பது என் கருத்து.

அவர்கள் கேட்ட கேள்வி எளியது. சுத்தத்தினால் நோய் குறைந்திருந்தால் எப்படிக் குறைந்திருக்க வேண்டும்? துடைப்பத்துக்கும் குளோரின் கரைசலுக்கும் கிருமியின் வகை தெரியாது. ஃப்ளூரோகுயினலோனைத் தாங்கும் கிருமியையும் தாங்காத கிருமியையும் அவை ஒரே விதமாகத்தான் பெருக்கித் தள்ளும். ஆகவே எல்லா வகைகளும் ஒரே அளவில் குறைந்திருக்க வேண்டும். நிகழ்ந்தது அதுவன்று. மருந்தைத் தாங்கும் வகைகள் 2006-இல் நூற்றுக்கு 67 என்றிருந்தவை 2013-இல் நூற்றுக்கு 3 என்ற அளவுக்கு அற்றுப்போயின. மருந்தைத் தாங்காத வகைகளால் உண்டாகும் நோயோ முன் எவ்வளவு இருந்ததோ அவ்வளவே இருந்தது, குறையவில்லை. அதாவது, எந்தக் கிருமிகளுக்கு அந்த மருந்து ராஜ்யத்தைக் கொடுத்ததோ, மருந்தை நிறுத்தியதும் அவை மாத்திரம் ராஜ்யத்தை இழந்தன. கோடி கோடியாகச் செலவிட்டுக் கழுவிய தரையின் மீது மற்ற வகைகள் வழக்கம்போல் வாழ்ந்துகொண்டிருந்தன. இதைவிடத் தெளிவான நிரூபணத்தை வைத்திய ஆராய்ச்சியில் எதிர்பார்ப்பதற்கில்லை.

ஆஸ்பத்திரியே இதன் வீடு என்ற இரண்டாவது நம்பிக்கையும் இப்படியே கரைகிறது. ஒரு நோயாளியிடமிருந்து அடுத்த நோயாளிக்குத் தொற்றுகிறது என்பதே வழக்கமான சித்திரம். ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் 2007 செப்டம்பர் முதல் 2011 மார்ச் வரை கண்ட நோய்களுள் 1,223-இன் கிருமிகளை மரபணு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பின் மூன்று ஆண்டுகளில் வந்த கிருமிகளுள், முன்னால் நோயுற்ற யாரேனும் ஒருவரின் கிருமியோடு நெருங்கிய உறவு கொண்டவை நூற்றுக்கு 35 மாத்திரமே. நூற்றுக்கு 45 கிருமிகளுக்கு முன் நோயாளிகள் எவருடைய கிருமியோடும் உறவே இல்லை. வார்டில் பக்கத்துக் கட்டிலிலிருந்து வராத இவை எங்கிருந்து வந்தன? மண்ணில் இருக்கிறது இக்கிருமி, குழந்தைகளிடம் இருக்கிறது, நோயின்றிச் சுமப்பவர்களிடம் இருக்கிறது, நெதர்லாந்தில் பன்றிப் பண்ணைக்காரர்களிடமும் அவர்களுடைய பன்றிகளிடமும் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற 078 வகைக் கிருமிகள் அகப்பட்டிருக்கின்றன. அமெரிக்காவில் 2011-ஆம் ஆண்டில் 4,53,000 பேருக்கு இந்நோய் கண்டது, 29,000 பேர் ஒரு மாதத்துக்குள் இறந்தார்கள் என்று மதிப்பிட்டபோது, மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆஸ்பத்திரியோடு தொடர்பின்றி வெளியே சமூகத்தில் தொற்றியவை என்று கண்டார்கள். வீட்டில் இருந்துகொண்டே நோயுற்றவருக்கு ஆஸ்பத்திரித் தரையைக் கழுவி என்ன பயன்?

கை சுத்தத்தின் இன்றைய சின்னமாக வாசல்தோறும் தொங்குகிறதே, கையில் தேய்த்துக்கொள்ளும் ஆல்கஹால், அது இக்கிருமியின் வித்தைக் கொல்லாது. ஸ்போர் எனப்படும் அந்த வித்து தடித்த உறை பூண்டது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாவதில்லை. சோப்பும் ஓடும் நீரும் அதைக் கையிலிருந்து உதிர்க்கலாம், ப்ளீச்சிங் கரைசல் தரையில் அதைக் கொல்லலாம். வாசலில் இரண்டு சொட்டுத் தேய்த்துக்கொண்டு வார்டுக்குள் நுழைபவர், தாம் சுத்தமாகிவிட்டதாக எண்ணிக்கொண்டு நுழைகிறார் என்பதுதான் மிச்சம். நோய் உண்மையில் பெருகவில்லை, சோதனை முறைகள் கூர்மையானதால் எண்ணிக்கை பெருகித் தோன்றுகிறது என்போரும் உண்டு. கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை, நோயின்றிச் சுமப்பவரையும் நோயாளியாகக் காட்டிவிடும் என்பது மெய்யே. ஆனால் கியூபெக்கில் குடல் அறுத்தெடுக்கப்பட்டவர்களையும் மெய்ட்ஸ்டனில் புதைக்கப்பட்டவர்களையும் எந்தச் சோதனையும் கற்பித்துவிடவில்லை.

என் வாதத்துக்கு இன்னொரு சாட்சி, நோயின் சிகிச்சையிலிருந்தே கிடைக்கிறது. வாங்கோமைசின் என்ற மருந்தை வாய்வழி கொடுத்தால் பெரும்பாலோர் தேறுகிறார்கள். ஆனால் ஐந்தில் ஒருவர் அளவுக்கு மறுபடியும் விழுகிறார்கள், இரண்டாம் முறை விழுந்தவர் மூன்றாம் முறை விழுவது அதனினும் அதிகம். காரணம் வெளிப்படை: வாங்கோமைசினும் ஓர் ஆன்ட்டிபயாடிக்தானே? பகைவனை அடக்கும்போதே, திரும்பி வரத் துடிக்கும் பழைய குடிகளையும் அது அடித்து விரட்டுகிறது. 1958-இல் டென்வர் நகரத்து அறுவை வைத்தியர் பென் ஐஸ்மன், சாகக் கிடந்த நான்கு நோயாளிகளுக்கு, ஆரோக்கியமான மனிதரின் மலத்தைக் கரைத்து ஆசனவாய் வழியே செலுத்தி அவர்களைப் பிழைக்க வைத்தார். அருவருப்பினாலோ என்னவோ அது மறக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு ஆம்ஸ்டர்டாமில் அதே சிகிச்சையை முறைப்படி சோதித்தபோது, திரும்பத் திரும்ப நோயுற்ற 16 பேரில் 13 பேர் ஒரே தடவையில் குணமடைந்தார்கள். வாங்கோமைசின் மாத்திரம் பெற்ற 13 பேரில் குணமடைந்தவர்கள் 4 பேர். வேற்றுமை இத்தனை பெரிதாக இருந்தமையால் சோதனையை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். 2013-இல் வெளிவந்த இந்த முடிவை வாசிப்பவர் ஒன்றை யோசிக்க வேண்டும். உலகத்தில் அழுக்கு என்று மனிதன் எதை முதன்மையாக எண்ணுகிறானோ, அதைக் கொடுத்து ஒரு வியாதி குணமாகிறது. அழுக்கினால் வந்த வியாதி அழுக்கினால் தீர்வதெப்படி? குடிகளை இழந்ததனால் வந்த வியாதி, குடிகளைத் திரும்பக் குடியேற்றியதனால் தீர்ந்தது என்றால் மாத்திரமே இது பொருந்துகிறது.

கடைசியாக, வைத்தியர்களின் தரப்பிலிருந்து எழும் ஆட்சேபம். இதை நான் மரியாதையோடு எடுத்துக்கொள்கிறேன். நள்ளிரவில் மூச்சுத் திணறி வரும் எண்பது வயது மூதாட்டிக்கு, எந்தக் கிருமி என்று தெரியுமுன் ஆன்ட்டிபயாடிக் கொடுக்காவிட்டால் விடியுமுன் இறந்துவிடலாம். அந்த நேரத்தில் குடலின் பழங்குடிகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க முடியுமா? முடியாது, யோசிக்கவும் வேண்டாம். கொடுத்தேயாக வேண்டும். நான் குறை சொல்வது நள்ளிரவின் ஊசியையன்று, மூன்றாம் நாளும் ஐந்தாம் நாளும் ஏழாம் நாளும் யாரும் கேள்வி கேட்காமல் தொடரும் ஊசியை. இங்கிலாந்தில் 2011-இல் ஏற்பட்ட விதிமுறை, ஏன் தொடங்கினோம் என்பதை நோயாளியின் மருந்துத் தாளில் எழுத வேண்டும், 48 மணி நேரத்தில் மறுபடி பார்த்து நிறுத்துவதா, குறுகிய வீச்சுள்ள மருந்துக்கு மாற்றுவதா, தொடர்வதா என்று முடிவு செய்து அதையும் எழுத வேண்டும் என்றது. இது சாதாரணக் காரியம், கோடிகள் செலவாகாது, புகைப்படம் பிடிக்க மந்திரிமார் வர மாட்டார்கள். அதனாலேயே இது துடைப்பத்தைப் போல் பிரசித்தி பெறவில்லை. இன்றைய ஏற்றத்துக்கு ஒரே ஒரு காரணத்தை நிறுவிக் காட்டியவர் எவருமில்லை. ஜனத்தொகையில் முதியோர் பெருகியதும், ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிவதும், வயிற்று அமிலத்தை அடக்கும் மாத்திரைகளைப் பலர் ஆண்டுக்கணக்கில் விழுங்குவதும் ஒவ்வொன்றும் தத்தம் பங்கைச் செய்யலாம். ஃப்ளூரோகுயினலோனைக் கட்டுப்படுத்திய நாட்டில் மீண்டும் ஏறுகிறதே என்று என்னை மடக்குவோருக்கு, கிளிண்டமைசின் ஒதுங்கியபோது செஃபலோஸ்போரின் வந்ததையும், அதன் பின் சிப்ரோஃப்ளாக்சசின் வந்ததையும் நினைவூட்டுகிறேன். ஒரு மருந்தை விலக்கி, பரந்த வீச்சுள்ள இன்னொன்றை அந்த நாற்காலியில் அமர்த்தும் வழக்கம் நிற்காத வரையில், விலக்கியதன் பலன் நிலைக்காது.

நம் நாட்டில் இந்த வியாதியின் பெயரையே பலர் கேட்டிருக்க மாட்டார்கள். அதற்கான சோதனையையும் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் கேட்பதில்லை. பெயர் தெரியாததனால் நோய் இல்லாமல் போய்விடாது. ஆன்ட்டிபயாடிக் மருந்துகளின் துஷ்பிரயோகத்தைத் தடுக்க வழிவகுக்க வேண்டுமென்று 2012-இல் வைத்தியர்கள் கூடி வெளியிட்ட பிரகடனம் சென்னையின் பெயரையே தாங்கியிருக்கிறது. செஃபிக்ஸிம் போன்ற மருந்துகளைச் சீட்டில்லாமல் விற்கலாகாது, எழுதிய வைத்தியரின் பெயரையும் வாங்கியவரின் பெயரையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டுகள் காக்க வேண்டும் என்ற சட்டம் 2014 மார்ச் முதல் அமலில் இருக்கிறது. இருந்தும், தொண்டை வலிக்குது, ரெண்டு நாளைக்கு மட்டும் குடுங்க என்று கேட்பவரும், பெயர் கேளாமல் அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பவரும் நம் தெருக்களில் சர்வசாதாரணம். அதைவிட என்னை வருத்துவது இன்னொன்று. வயிறு போகிறது என்று யார் சொன்னாலும், என்ன ஏது என்று பாராமல், ஆஃப்லாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரையை எடுத்து நீட்டுகிறார்கள். ஆஃப்லாக்சசினோ கியூபெக்கையும் கெண்ட்டையும் ஆட்டிவைத்த அதே ஃப்ளூரோகுயினலோன் இனத்தைச் சேர்ந்தது. சர்க்கரை வியாதியால் காலில் புண் வந்து பத்து நாள் ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பிய முதியவருக்கு மூன்றாம் வாரம் பேதி தொடங்கினால், வெளியில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி அந்த மாத்திரையையே கொடுக்கிறோம். எது ஊரைக் காலி செய்ததோ அதன் உடன்பிறப்பை மறுபடியும் ஊருக்குள் அனுப்புகிறோம். ஆன்ட்டிபயாடிக் எடுத்த மூன்று மாதங்கள் வரையில் இந்த அபாயம் நீடிக்கிறது. ஆகையால் வீட்டில் பெரியவர்களுக்குப் பேதி கண்டு வைத்தியரிடம் அழைத்துப் போகிறவர்கள், என்ன சாப்பிட்டார் என்று சொல்வதோடு நிறுத்திவிடாமல், அந்த மூன்று மாதங்களில் விழுங்கிய மாத்திரைகளின் காலி அட்டைகளையும், ஊசி போட்ட ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் தாளையும் கையோடு எடுத்துப் போய் அவர் மேஜைமீது வைக்க வேண்டும்.